இடது கண்

— கையை இறக்குங்க. தேய்க்கக் கூடாதுன்னு அந்த நர்ஸ் பொண்ணு இப்பத்தானே தலையில அடிச்சுக்காத குறையா சொல்லிட்டுப் போச்சு.

— எரியுது முதலாளியம்மா.

— ஐஸ் வைக்காதீங்க. நாலு தையல் மெஷின் வச்சிருக்கறவ எல்லாம் முதலாளின்னா நாட்டுல தொழிலாளியே இருக்க மாட்டான். எரியட்டும். எட்டு மாசமா நான் எரிஞ்சுக்கிட்டு இருந்தேனே, எனக்கு யாரு சொட்டு மருந்து விட்டா? தண்ணிய கிளாஸ்ல ஊத்துங்கன்னா மேஜையில ஊத்தறீங்க. இல்லாத படிக்கு காத்துல காலைத் தூக்கி வைக்கறீங்க. டாக்டர்கிட்ட போலாம்னு சொன்னா மட்டும் காதும் சேந்து அடைச்சுக்கும்.

— இன்னும் எவ்வளவு நேரம்?

— முக்கால் மணி நேரம். கண்ணுப் பாப்பா நல்லா விரியணுமாம். அப்புறம்தான் டாக்டரம்மா லைட் அடிச்சுப் பாப்பாங்க. உள்ள பின்பக்கம் வரைக்கும் தெரியுமாம்.

— பழைய காயம் எல்லாம் தெரியுமா?

— என்ன பழைய காயம்?

— விடு.

— அதானே! கிரவுண்டுல ஆஃப் சைடுல போற பந்தை விட்டீங்க, பேப்பர்க்காரன் பாராட்டினான். வீட்டுக்கு வந்தும் கேக்கற கேள்வியை எல்லாம் விட்டுக்கிட்டே இருந்தா நான் என்ன, கை தட்டணுமா?

— இந்தா, போயிடலாம் வா. இன்னொரு நாளைக்கு வரலாம்.

— போங்களேன். வாசல் எந்தப் பக்கம் இருக்குன்னு காட்டுங்க, நானே கூட்டிக்கிட்டுப் போறேன்.

— ...அந்தப் பக்கம்.

— அது மருந்து அலமாரி. உக்காருங்க பேசாம. பக்கத்துல இருக்கறவங்க எல்லாம் தூங்கி வழியறாங்க, இங்க யாரும் உங்களைப் பாக்கல. பாத்தாலும் அடையாளம் தெரியப் போறதில்ல.

— முன்ன தெரிஞ்சுது.

— தெரிஞ்சுது, இல்லைங்கல. நாப்பத்தேழு ஃபர்ஸ்ட் கிளாஸ் மேட்ச். ஒன்பது செஞ்சுரி. ஓப்பனிங் இறங்கினா சாயங்காலம் வரைக்கும் எவனாலயும் தொறக்க முடியாதுன்னு உங்களுக்குப் பூட்டுன்னே பேரு. எனக்கு என்ன, தெரியாதா? எங்கண்ணன் சோறு இறங்கறதுக்கே அந்தக் கதையைத்தானே தொட்டுக்குவான். அந்தப் பூட்டுதான் இப்பத் தண்ணி போர்டு ஆபீஸ்ல, ஜன்னல் இல்லாத ஒரு ரூம்ல, தபாலுக்கு சீல் குத்திக்கிட்டு உக்காந்திருக்கு. இருபத்தஞ்சு வருஷமா ஒரே நாற்காலி.

— ஆரம்பிச்சுட்டியா?

— ஆரம்பிக்கத்தான் செய்வேன். இன்னிக்கு நீங்க எந்திரிச்சுப் போக முடியாதில்ல? புரமோஷன் எத்தனை தடவை வந்துச்சு? அஞ்சு. அஞ்சு தடவையும் வேண்டாம்னு எழுதிக் கொடுத்தீங்க. உங்களுக்கு அப்புறம் வந்தவன் எல்லாம் உங்க முதுகுல ஏறி மேல போயிட்டான். சரி, ஆபீஸ்தான் பிடிக்கல, பசங்களுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுக்க வாங்கன்னு கிளப்புல இருந்து வீடு தேடி வந்தாங்க. அதுவும் வேண்டாம். பெத்த பொண்ணு, அப்பா நாலு பந்து போடுப்பான்னு பேட்டைத் தூக்கிக்கிட்டு வந்துச்சு. முதுகு வலின்னு படுத்துக்கிட்டீங்க. ஏன்? என்னதாங்க உங்களுக்கு?

— புரமோஷன்னா மெடிக்கல் டெஸ்ட் உண்டு.

— இருக்கட்டுமே. கல்லு மாதிரி இருக்கீங்க.

— கண்ணு டெஸ்டும் உண்டு.

— ...என்ன சொல்றீங்க?

— நீ என் எந்தப் பக்கம் உக்காந்திருக்கே?

— வலது பக்கம்.

— இருபது வருஷமா நீ என் வலது பக்கம்தான் உக்காந்திருக்கே. நான்தான் அப்படி உக்கார வைப்பேன். பஸ்லயும் சரி, கல்யாண வீட்டுலயும் சரி. எனக்கு இடது கண்ணு தெரியாது.

— விளையாடாதீங்க.

— தெரியாதும்மா. வெளிச்சம் தெரியும். ஆள் நிக்கறது தெரியும். யாருன்னு தெரியாது. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. இப்ப வலது கண்ணும் பனி பிடிச்ச மாதிரி ஆகுது. அதான் வரலைன்னேன். இருக்கறது ஒண்ணு, அதுவும் போகுதுன்னு ஒருத்தர் வாயால கேக்கணுமா?

— கட்டின பொண்டாட்டிகிட்டயே மறைச்சீங்களா? ஊசியில நூல் கோத்துக் கொடுங்கன்னா ஒரு நாளும் கொடுக்க மாட்டீங்க. ஆம்பளைத் திமிருன்னு திட்டியிருக்கேனே. ஏன் சொல்லல?

— சொன்னா எப்படி ஆச்சுன்னு கேப்பே.

— கேக்க மாட்டேனா?

— டாக்டர் உள்ள பாத்ததும் சொல்லிடுவாங்க. அதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். நல்லவேளை, மருந்து விட்டிருக்காங்க, உன் மூஞ்சி தெரியல. குறுக்க பேசாத.

— சொல்லுங்க.

— எனக்கு இருபத்தாறு வயசு. அந்த வருஷம் நாலு செஞ்சுரி. தேசிய டீம் வெளிநாட்டுக்குப் போகுது, அதுக்கு ஒரு மாசம் கேம்ப். கேம்ப்புக்கு லிஸ்ட் வந்துச்சு. காலைல பேப்பர்ல என் பேரு இருக்கு. உங்கண்ணன் பேரு இல்ல.

— எங்கண்ணன் பேரு இருந்திருக்கணுமா?

— இருந்திருக்கணும். எங்க டீம்லயே அவன்தான் வேகம். அவன் பந்து வர்றது காதுக்குத்தான் முதல்ல தெரியும், கண்ணுக்கு அப்புறம்தான். ரெண்டு பேரும் ஒண்ணாப் போவோம்னு ஒரே பெட்டி வாங்கி வச்சிருந்தோம். அன்னிக்கு சாயங்காலம் நெட் பிராக்டீஸ்ல அவன் ஒரு வார்த்தை பேசல. போட்டுக்கிட்டே இருந்தான். எனக்கும் குற்ற உணர்ச்சி மாதிரி ஒண்ணு, ஆடிக்கிட்டே இருந்தேன். எல்லாரும் போயாச்சு. நான் ஹெல்மெட்டைக் கழட்டிட்டேன். போதும்டான்னேன். கடைசியா ஒண்ணுன்னான்.

— ஐயோ.

— எழும்பி வந்துச்சு. கண்ணுக்குக் கீழ எலும்புல. டப்புன்னு ஒரு சத்தம், கதவைச் சாத்தற மாதிரி. உங்கண்ணன்தான் தோள்ல தூக்கிக்கிட்டு ஓடினான்.

— அந்தத் தழும்பு சைக்கிள்ல விழுந்ததுன்னு சொன்னீங்க.

— அப்படித்தான் எல்லாருக்கும் சொன்னோம். ஆறு தையல் போட்டாங்க. வீக்கம் வடிஞ்சதும் கண்ணைப் போய்க் காட்டுன்னாங்க. வீக்கம் வடிஞ்சுது, பாத்தா இடது கண்ணுல ஒண்ணும் இல்ல. காட்டப் போகல.

— ஏன் போகல? பைத்தியமா உங்களுக்கு?

— தண்ணி போர்டு வேலை ஆட்டத்துக்காகக் கொடுத்த வேலை. அஞ்சு வருஷம் ஆடினாத்தான் நிரந்தரம். எனக்கு மூணே வருஷம்தான் ஆகியிருந்துச்சு. அப்பா பக்கவாதத்துல படுத்திருக்காரு, குடியிருக்கறது போர்டு குவார்ட்டர்ஸ். ஒத்தைக் கண்ணன்னு தெரிஞ்சா பேட்டும் போகும், வேலையும் போகும், கூரையும் போகும். கேம்ப்புக்குக் காய்ச்சல்னு சொல்லி அனுப்பினேன். உங்கண்ணன்கிட்ட மட்டும் உண்மையைச் சொன்னேன். அன்னியோட அவன் பந்தைத் தொடல.

— தோள்பட்டை போச்சுன்னு சொன்னானே! அதனாலதான் பெயிண்ட் கடை போட்டேன்னு...

— தோளுக்கு ஒண்ணும் இல்ல. இப்பவும் அவனைப் பிடிச்சு ஓட விட்டா பாதிப் பேர் ஸ்டம்பு பறக்கும்.

— வேணும்னேவா போட்டான்?

— தெரியாது.

— கேட்டதே இல்லையா?

— கேட்டா பதில் வந்துடுமே. அவனும் சொன்னதில்ல. இருபத்திரண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை ஆனா வர்றான், எதிர்ல உக்கார்றான், மழை வருமா வராதான்னு பேசறோம். அவன் என் கண்ணைப் பாக்க மாட்டான். எனக்குத்தான் அவன் பாதி தெரியாதே.

— அதுக்கப்புறமும் நாலு வருஷம் ஆடினீங்கதானே?

— ஆடினேனா? தூக்குமேடை ஏறினேன். சைபர், நாலு, பதினொண்ணு, சைபர். பந்து தெரியாத பக்கத்துல இருந்து வருது, வருதுன்னு நெஞ்சு அடிச்சுக்கும். அம்பத்திரண்டு இருந்த சராசரி பதினேழுக்கு வந்துச்சு. பூட்டு துருப்பிடிச்சிருச்சுன்னு ஒருத்தன் எழுதினான். பயந்தாங்கொள்ளி, ஒரு அடியில ஒடுங்கிட்டான்னு கூட்டத்துல ஒருத்தன் கத்தினான். திரும்பிச் சொல்ல முடியுமா? சொல்லலாம், வேலையை எழுதிக் கொடுத்துட்டுச் சொல்லலாம். வேலை நிரந்தரம் ஆச்சு. சரி, இப்பவாவது சொல்லலாம்னா, இத்தனை வருஷம் ஏன்டா மறைச்சேன்னு கேப்பான். ஒரு பொய்க்குள்ள போய் உக்காந்தேன், அதுக்கு வெளிப்பக்கம்தான் தாழ்ப்பா.

— இருங்க. ஒரு நிமிஷம் இருங்க. உங்களுக்கு அடிபட்டது எப்ப?

— சொன்னேனே, இருபத்தாறு வயசுல.

— நம்ம கல்யாணம் உங்க இருபத்தெட்டு வயசுல. எனக்கு வந்த ரெண்டு நல்ல இடத்தை எங்கண்ணன் தட்டிக் கழிச்சான். இவனைத்தான் கட்டணும்னு ஒத்தைக் கால்ல நின்னான். ஆட்டம் போய் ஊரே சிரிக்கற ஆளுக்கா என் பொண்ணுன்னு எங்கப்பா கத்தினாரு. அண்ணன் அவர் காலுல விழுந்தான். நான் பாத்தேன். சிநேகிதன் மேல அவ்வளவு பாசம்னு நினைச்சேன்.

— இப்ப அதை ஏன்...

— அப்ப நான் என்ன? நஷ்ட ஈடா?

— அப்படிப் பேசாத.

— வேற எப்படிப் பேசறது? கண்ணாடியை உடைச்சவன் புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுக்கற மாதிரி, கண்ணை எடுத்தவன் தங்கச்சியைக் கொடுத்திருக்கான். நீங்களும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டீங்க.

— ரெண்டு தடவை மாட்டேன்னு சொன்னேன்.

— மூணாவது தடவை?

— மூணாவது தடவை நேர்ல சொல்லிட்டு வரலாம்னு உன் கடைக்கு வந்தேன். நீ ஒரு ஆள்கூட சண்டை போட்டுக்கிட்டு இருந்தே. சட்டைக் கை ஒரு விரல் நீளம்னு அவன் சொல்றான். உன் கைதான் ஒரு விரல் கட்டைன்னு நீ சொல்றே. நான் வெளிய நின்னு சிரிச்சேன். அந்த ரெண்டு வருஷத்துல நான் சிரிச்சது அன்னிக்குத்தான். சொல்ல வந்ததைச் சொல்லாமலேயே திரும்பிட்டேன்.

— பேச்சு நல்லாத்தான் இருக்கு. இருபது வருஷம் கழிச்சு, கண்ணு ரெண்டும் தெரியாதப்ப வருது.

— அழறியா?

— உங்களுக்கு என்ன தெரியப் போகுது? விடுங்க. இப்ப நான் சொல்றேன், விடுங்க. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். எங்கண்ணனை உக்கார வச்சுப் பேசிக்கலாம். கூப்பிடறாங்க, எந்திரிங்க. என் தோளைப் பிடிச்சுக்குங்க. வாசல்ல ஒரு படி இருக்கு, நிஜப் படி.

— டாக்டர் ஏதாவது கேட்டா நீ குறுக்க...

— நான் வாயே தொறக்கல, போதுமா?

— வாங்க, உக்காருங்க. அம்மா, நீங்க அந்த நாற்காலியில உக்காந்துக்குங்க. ஐயா, தாடையை இதுல வைங்க. நெத்தி ஒட்டி இருக்கணும். நேராப் பாருங்க. ம்ம். மேல. கீழ. இப்ப இடது கண்ணு. கூசும், பொறுத்துக்குங்க. ம்ம்... சரி. இன்னொரு தடவை மேல பாருங்க. சரி. தலையை எடுத்துக்கலாம்.

— சொல்லுங்க டாக்டர். எதுவா இருந்தாலும் நேரா சொல்லுங்க.

— வலது கண்ணுல புரை விழுந்திருக்கு. பயப்படறதுக்கு ஒண்ணும் இல்ல. ஒரு சின்ன ஆபரேஷன், அரை மணி நேர வேலை. பழைய மாதிரி தெரியும்.

— தெரியுமா?

— தெரியும். பேப்பர் படிக்கலாம், படியை எண்ணாம இறங்கலாம். நான் யோசிக்கறது இடது கண்ணைப் பத்தி. அதுல எவ்வளவு நாளாப் பார்வை இல்ல?

— இருபத்திரண்டு வருஷம். நான் கிரிக்கெட் ஆடினவன் டாக்டர். வேகப்பந்து ஒண்ணு இங்க பட்டுச்சு. இந்தத் தழும்பு.

— எலும்பு உடைஞ்சுதா?

— மயிரிழை விரிசல்னாங்க.

— சரி. பார்வை போனதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க? அடிபட்ட உடனேயா?

— இல்ல. உடனே வீங்கிடுச்சு, கண்ணே தொறக்க முடியல. மூணு வாரம் கழிச்சு, காலைல ஷேவ் பண்ணிக்கிட்டு இருந்தேன். வீக்கம் சுத்தமா வடிஞ்சிருந்துச்சு. கண்ணு எப்படி இருக்குன்னு பாக்கறதுக்கு வலது கண்ணை மூடினேன். கண்ணாடியில என் மூஞ்சி இல்ல. ஏதோ கறை மாதிரி இருந்துச்சு. நுரையோடயே தரையில உக்காந்துட்டேன்.

— அதுக்கு முன்னாடி யாராவது உங்க கண்ணை டெஸ்ட் பண்ணியிருக்காங்களா? ஸ்கூல்ல? வேலைக்குச் சேரும்போது?

— ஸ்கூலுக்கு எவன் வந்தான்? வேலைக்குச் சேரும்போது மெடிக்கல் உண்டு. ஆனா அந்த டாக்டர் கிரிக்கெட் பைத்தியம். என்னோட ஒரு செஞ்சுரியைப் பத்தி அரை மணி நேரம் பேசினாரு. உனக்கு எதுக்குய்யா கண்ணு டெஸ்டுன்னு சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டுட்டாரு.

— ம்ம். எனக்கு கிரிக்கெட் தெரியாது. பேட் பிடிச்சா நீங்க எப்படி நிப்பீங்கன்னு கொஞ்சம் காட்ட முடியுமா?

— இங்கயா?

— நில்லுங்களேன், அவங்க கேக்கறாங்க. இந்தாங்க, என் குடை. டாக்டரம்மா, வாயைத் தொறக்க மாட்டேன்னு சொன்னேன், ஆனா இவர் இப்ப நிக்கறாரே, இது கடைசி நாலு வருஷம் நின்ன மாதிரி. அதுக்கு முன்னாடி வேற மாதிரி நிப்பாரு. எங்கண்ணன் வீட்டுல நடிச்சே காட்டுவான்.

— எப்படி நிப்பாரு?

— எல்லாரும் தோளைக் காட்டி நிப்பாங்களாம். இவர் மட்டும் நெஞ்சைக் காட்டி, முகத்தை முழுசாத் திருப்பி, போட்டோ எடுக்க நிக்கற மாப்பிள்ளை மாதிரி நிப்பாராம். அப்படித்தானேங்க?

— ஆமா. என் முதல் கோச் தலையைப் பிடிச்சு இந்தப் பக்கம் திருப்பி விடுவாரு. கையை எடுத்ததும் அது தானா அந்தப் பக்கம் போயிடும். அடிச்சும் பாத்தாரு. கடைசியில, எப்படியோ நின்னு தொலை, ரன் வருதில்லன்னு விட்டுட்டாரு.

— அப்ப உங்களுக்கு என்ன வயசு?

— ஒன்பது இருக்கும்.

— அடிபட்டப்புறம் ஏன் நிக்கற விதத்தை மாத்தினீங்க?

— ஒரு பக்கம் தெரியலையே டாக்டர். தெரியாத பக்கத்துக்கு ஏத்த மாதிரி தலையை மாத்தினேன், காலை மாத்தினேன், பேட் தூக்கறதை மாத்தினேன். ஒவ்வொரு மேட்சுக்கும் ஒண்ணு மாத்தினேன். மாத்த மாத்த மோசமாச்சு.

— உக்காருங்க. குடையை அம்மாகிட்ட கொடுத்துடுங்க. நான் ரெண்டு தடவை பாத்துட்டேன். பந்து பட்டுப் பார்வை போயிருந்தா உள்ள அடையாளம் இருக்கும். விழித்திரையில தழும்பு இருக்கும், நரம்பு வெளுத்திருக்கும். உங்க இடது கண்ணுக்குள்ள அப்படி ஒரு கீறல்கூட இல்ல.

— இருக்காதே... எனக்குத் தெரியலையே டாக்டர்!

— தெரியாது. அந்தக் கண்ணுக்குப் பவர் ரொம்ப அதிகம். சின்ன வயசுலயே கண்ணாடி போட்டிருக்கணும், போடல. குழந்தைக்கு ஒரு கண்ணு தெளிவாவும் ஒண்ணு மங்கலாவும் இருந்தா, மூளை மங்கலை ஒதுக்கிடும். அஞ்சு, ஆறு வயசுக்குள்ள அந்தக் கண்ணு வேலையை நிறுத்திடும். சோம்பல் கண்ணுன்னு சொல்வோம். நல்ல கண்ணு சமாளிச்சுக்கறதால யாருக்கும் தெரியாது, அவங்களுக்கே தெரியாது. நல்ல கண்ணு முன்னாடி வர்ற மாதிரி தலை மட்டும் தானா திரும்பிக்கும்.

— இருங்க டாக்டரம்மா, இருங்க.

— அம்மா, நீங்க ஏன் எந்திரிச்சுட்டீங்க? உக்காருங்க.

— எனக்குப் புரியல டாக்டரம்மா. எங்கண்ணன் பந்து போடறதையே விட்டான். இவர் வாழ்க்கையையே விட்டாரு. அப்ப இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி இவருக்கு என்னதாங்க ஆச்சு?

— ஒண்ணும் ஆகலம்மா. அன்னிக்குக் காலைல கண்ணாடி முன்னாடி நின்னு, இவர் வாழ்க்கையில முதல் தடவையா வலது கண்ணை மூடியிருக்காரு.